முதுகுவலிக்குப் படுக்கை மருந்தல்ல

கடைசி விலா எலும்புக்குக் கீழே, பிட்டத்தின் மடிப்புக்கு மேலே வரும் வலியைத்தான் பொதுவாக முதுகுவலி என்று சொல்வது வழக்கம். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளரின் லைன் வீடுகளில் அதற்குக் குறுக்கு வலி, இடுப்புப் பிடிப்பு என்று பெயர். மனிதரை வேலைசெய்ய விடாமல் முடக்கும் நோவுகளில் உலக அளவில் முதலிடம் இதற்குத்தான். 2020ஆம் ஆண்டில் 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்ததாக உலக நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டது. 2050இல் அது 84.3 கோடியாகும் என்பதும் அதே ஆய்வின் மதிப்பீடு.

இத்தனை பேரை வாட்டும் வலிக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று எந்தப் பரிசோதனையாலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. வலி பொய் என்று அதற்குப் பொருளில்லை. தசை, மூட்டு, வட்டு, நரம்பு, தூக்கம், கவலை, வேலை எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் வலி அது. ஆகவே நிவாரணமும் ஒரு மாத்திரையிலோ ஓர் ஊசியிலோ அடங்குவதில்லை. அதன் பெரும்பகுதி இரண்டு இடங்களில் இருக்கிறது: உடலை மறுபடி அசைக்கத் தொடங்குவதிலும், அந்த உடலின்மேல் விழும் வேலையைத் திருத்துவதிலும். மருத்துவமனைகளில் முதலாவது பற்றிக் கொஞ்சமாவது பேசப்படுகிறது. இரண்டாவது பற்றிப் பேச்சே எழுவதில்லை. தங்கவயல் போன்ற ஓர் ஊரின் முதுகுவலியை இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் புரிந்துகொள்ள முடியாது.

முதுகுக்குள்

இடுப்புப் பகுதியில் இருக்கும் முள்ளெலும்புகள் ஐந்து. முதுகெலும்பில் அளவில் பெரியவையும் அதிகச் சுமை தாங்குபவையும் அவையே. இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஒரு வட்டு, அதாவது டிஸ்க். அதன் ஓரம் நார்களால் இறுகிய வளையம். நடுவில் நீர் நிறைந்த கூழ். பின்புறத்தில் சிறு மூட்டுகள், அவற்றைக் கட்டிப் பிடிக்கும் தசைநார்கள், இருபுறமும் தடித்த தசைகள், இடுக்குகள் வழியே வெளிவரும் நரம்பு வேர்கள். இவற்றில் எதுவும் வலிக்கலாம். 1930களின் கடைசியில் லண்டனில் கெல்கிரென் என்ற மருத்துவர் முதுகின் தசைநார்களில் உப்புநீரை ஊசியால் செலுத்திப் பார்த்தார். குத்திய இடம் ஒன்று, வலி தெரிந்த இடம் வேறு. காலுக்குப் பரவும் வலி எல்லாமே நரம்பு நசுங்கியதால் வருவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வயது வந்தவரின் வட்டுக்குள் இரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள தட்டுகளின் வழியே மெல்லக் கசிந்து வருவதே அதற்கு ஊட்டம். கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் தலைமையிலான குழு, சிரையில் ஏற்றிய ஒரு பொருள் வட்டுக்குள் எப்படிச் சேர்கிறது என்று எம்.ஆர்.ஐ. படங்களைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கண்காணித்தது. அது நடுக்கூழை எட்ட மணிக்கணக்கில் ஆனது. அந்தத் தட்டு கெட்டுப்போனால் ஊட்டத்தின் போக்கே மாறிவிடுவதையும் அவர்கள் கண்டார்கள். இந்த ஆய்வுக்கு 2004இல் இடுப்பு முதுகெலும்பு ஆய்வுக்கான சர்வதேசச் சங்கத்தின் பரிசு கிடைத்தது.

பகலில் சுமை அழுத்தும்போது வட்டிலிருந்து நீர் வெளியேறுகிறது. இரவில் படுத்தபின் மீண்டும் ஊறுகிறது. காலையில் எழும்போது மனிதர் மாலையில் இருப்பதைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது இதனால்தான். அந்த நேரத்தில் வட்டு விறைத்திருக்கும், குனிந்தால் அதன்மேல் இழுவை கூடும். எழுந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் இடுப்பை ஆழமாக வளைப்பதைத் தவிர்த்தவர்களுக்கு நாள்பட்ட வலி குறைந்ததாக 1998இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. தண்ணீர்ப் பஞ்சம் பழகிப்போன கோலார் மாவட்டத்தில் பெண்களின் நாள் தொடங்குவதே குனிந்து வாசல் பெருக்குவதிலும் குடம் தூக்குவதிலும்தான். நிறைந்த பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 கிலோ. முதுகுவலி உள்ள வீட்டில் அந்த வேலையை ஒரு மணி நேரம் தள்ளிப்போட முடிந்தால், அல்லது இன்னொருவர் பகிர்ந்துகொண்டால், அதுவே செலவில்லாத முதல் சிகிச்சை.

மண்ணுக்கடியில்

1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் கால்வைத்த பிறகு தங்கவயல் உலகின் ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக வளர்ந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழர்களே, அவர்களிலும் பெரும்பகுதி தலித் மக்களே, அதன் உழைப்புப் படை. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்.

தங்கம் இருந்தது குவார்ட்ஸ் பாறைப் படிவத்தில். பல இடங்களில் அதன் அகலம் சில அடிகள்தான். தேவைக்கு மேல் பாறையை உடைத்தால் நிறுவனத்துக்கு நஷ்டம் என்பதால், குடைவின் அகலத்தைப் படிவத்தின் அகலமே தீர்மானித்தது. அந்த இடுக்கில் குனிந்தும் மண்டியிட்டும் துளைபோட்டார்கள். உடைந்த தாதை மண்வெட்டியால் அள்ளினார்கள். மேற்பாறை சரியாமல் இருக்க மரம் முட்டுக்கொடுத்தார்கள். செதுக்கிய கருங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். கருங்கல் சுவர் எழுப்புவது தங்கவயல் சுரங்கங்களுக்கே உரிய முறையாகப் பெயர்பெற்றது. குனிவு, முறுக்கு, பளு மூன்றும் ஒரே அசைவில் சேரும் வேலை அது. முதுகுவலிக்கு இதைவிட மோசமான கூட்டு கிடையாது.

தொழிலையும் உடலையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவம் சுரங்கத்திலிருந்தே தொடங்கியது. 1700இல் இத்தாலிய மருத்துவர் ராமசினி தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலின் முதல் அத்தியாயம் சுரங்கத் தொழிலாளருக்கானது. 1952இல் கெல்கிரெனும் லாரன்ஸும் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை மற்ற உடலுழைப்பாளர்களோடும் அலுவலகப் பணியாளர்களோடும் ஒப்பிட்டார்கள். முதுகுவலியும் இடுப்பு வட்டுத் தேய்மானமும் சுரங்கத்தில் இருந்தவர்களிடமே அதிகம் காணப்பட்டன.

தங்கவயலில் பரிசோதனை நுரையீரலைத்தான் தேடிப்போனது. 1940 முதல் 1946 வரை நடந்த ஆய்வில் பரிசோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருப்பது தெரிந்தது. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து அதை இறுகச் செய்யும் அந்த நோய்க்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. இழப்பீட்டுக்கும் வழி பிறந்தது. உயிரைக் குடிக்கும் நோய் என்பதால் அந்த முன்னுரிமை சரியே. ஆனால் ஷிஃப்ட் முடிந்து நிமிர முடியாமல் சுரங்க லிஃப்டான கேஜிலிருந்து இறங்கிய முதுகுகளுக்கு எண்ணெயும் ஒத்தடமும் தவிர வேறு கவனிப்பு அதிகம் கிடைக்கவில்லை.

வேலை ஒன்றையே காரணமாக நிறுத்துவதும் சரியாகாது. ஒரே குடைவில் ஒரே வேலை செய்த இருவரில் ஒருவர் 60 வயதிலும் நிமிர்ந்து நடப்பார், மற்றவர் 40இல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பின்லாந்தில் ஒரே கருவில் தோன்றிய இரட்டையர்களை, அவர்களில் ஒருவர் பளு வேலையிலும் மற்றவர் லேசான வேலையிலும் இருந்த சூழலில் ஒப்பிட்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். வட்டுத் தேய்மானத்தில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்றும், சுமையின் பங்கு எண்ணியதைவிடக் குறைவு என்றும் தெரியவந்தது. தேய்மானமும் வலியும் ஒன்றல்ல என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். தேய்ந்த முதுகு வலிக்காமல் இருக்கலாம். ஆனால் வலிக்கிற முதுகோடு கருங்கல் தூக்க முடியாது. அந்த வலி யாருக்கு வேலையை இழக்கச் செய்கிறது என்பதைத் தீர்மானிப்பது மரபணு அல்ல, தொழில்தான். புகைப்பழக்கமும் முதுகுவலியோடு சேர்ந்தே காணப்படுகிறது. பீடியும் இதில் அடங்கும்.

விடிகாலை ரயில்

சுரங்கங்களை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு தங்கவயலின் பிழைப்பு தண்டவாளத்தின் மீது நகர்ந்தது. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் விடியுமுன் ஏறும் பல ஆயிரம் பேர் பங்காருப்பேட்டை வழியாக ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து பெங்களூரு போகிறார்கள். இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். கட்டட வேலை, காவல் பணி, துப்புரவு, ஆயத்த ஆடைத் தையல், கடை, அலுவலகம் என்று வேலைகள் பலவகை. பயணம் எல்லோருக்கும் பொது.

இந்தப் பயணத்தில் முதுகுக்கு மூன்று தொல்லைகள். இடம் கிடைக்காதவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே நிலையில் நிற்கிறார். இடம் கிடைத்தவர் நெருக்கியடித்து ஒரே நிலையில் உட்காருகிறார். இருவருக்கும் தூக்கம் குறைகிறது. இம்மூன்றில் அதிகம் கவனிக்கப்படாதது தூக்கம். சரியாகத் தூங்காத உடலில் வலி உணர்வு கூர்மையாகிறது. வலி கூடினால் தூக்கம் மறுபடி கெடுகிறது. ரயிலில் செய்யக்கூடியது கொஞ்சமே என்றாலும் பயனில்லாதது அல்ல. நிற்பவர் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டே இருக்கலாம். உட்கார்ந்தவர் அரை மணிக்கொருமுறை எழுந்து, பக்கத்தில் நிற்பவருக்கு இடம் கொடுத்து, இருவரும் மாறி மாறி உட்காரலாம். தினமும் ஒரே பெட்டியில் போகும் கூட்டத்துக்கு இது எளிது. நேராக உட்கார்ந்தால்தான் முதுகு பிழைக்கும் என்ற எண்ணத்துக்கு ஆதாரம் வலுவாக இல்லை. நீண்ட நேரம் மாறாத எந்த நிலையும் முதுகுக்கு ஆகாது, அது நேரான நிலையாக இருந்தாலும்கூட.

அதிர்வு இன்னொரு காரணம். உட்கார்ந்திருக்கும் மனித முதுகெலும்பு நொடிக்கு 4 முதல் 6 முறை வரையான அதிர்வில் அதிகமாகக் குலுங்குகிறது. கனரக வாகனங்களின் குலுக்கல் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியே இருக்கிறது. டம்பர், புல்டோசர், லாரி, ஆட்டோ ஓட்டுநர்களுக்கு முதுகுவலி அதிகம் வருவதன் ஒரு பகுதி விளக்கம் இது. 1990இல் தங்கவயலில் தொடங்கிய தேசியச் சுரங்கத் தொழிலாளர் உடல்நல நிறுவனம் பிற்பாடு நாக்பூருக்குப் போன பின் இந்த அதிர்வை இந்தியச் சுரங்கங்களில் அளந்துவந்தது. 2019இல் அதை அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தோடு இணைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுரங்கத் தொழிலாளருக்கென்றே இந்த ஊரில் பிறந்த ஒரு நிறுவனம் இந்த ஊரில் நிலைக்காமல் போனது தங்கவயலுக்குப் பேரிழப்பு.

படுத்தால் தீருமா

திடீரென்று இடுப்புப் பிடித்துக்கொண்டவருக்கு வீட்டார் சொல்லும் முதல் வார்த்தை 'அசையாம படு' என்பது. மருத்துவர்களும் நெடுங்காலம் இதையே சொன்னார்கள். 1986இல் அமெரிக்காவில் டேயோ என்ற மருத்துவரும் சகாக்களும் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கையும் மறு பிரிவுக்கு ஏழு நாள் படுக்கையும் பரிந்துரைத்தார்கள். குணமானதில் வேறுபாடில்லை, ஏழு நாள் பிரிவினர் வேலைக்குப் போகாத நாள்கள்தான் கூடின. 1995இல் ஹெல்சிங்கி நகரசபை ஊழியர்களிடம் நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது. படுக்கையில் இருந்தவர்களையும், முதுகுப் பயிற்சி தரப்பட்டவர்களையும்விட, வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே வேகமாகத் தேறினார்கள்.

முதுகெலும்புக் காசநோயில்கூட இதுதான் நடந்தது. எலும்பே அரிக்கப்படும் அந்த நோய்க்கு மாதக்கணக்கில் படுக்கையும் மாவுக்கட்டும் கட்டாயம் என்று நம்பப்பட்ட காலத்தில், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் கொரியாவின் மாசானில் ஆய்வு நடத்தியது. ஆறு மாதம் மருத்துவமனையில் படுத்திருந்தவர்களும், நடமாடிக்கொண்டே மாத்திரை சாப்பிட்டவர்களும் ஒரே அளவில் தேறினார்கள். 1970களில் தொடங்கிய ஆய்வில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளிகள் நடமாடியபடியே குறுகிய காலம் மருந்து உண்டு குணமாக முடியும் என்பதைக் காட்டியது. காசநோய் அரித்த முதுகுக்கே படுக்கை தேவைப்படவில்லை என்றால், பிடிப்பு விழுந்த முதுகுக்கு ஏன்?

முதல் ஓரிரு நாள் வலி கடுமையாக இருந்தால் படுக்கலாம், தவறில்லை. முழங்காலை மடித்து, அதன் கீழ் தலையணை வைத்து மல்லாந்து படுப்பதும், ஒருக்களித்துக் காலிடுக்கில் தலையணை வைப்பதும் இதமாக இருக்கும். அதற்குள்ளும் மணிக்கொருமுறை எழுந்து வீட்டுக்குள் நடக்க வேண்டும். கட்டாந்தரையிலோ பலகையிலோ படுத்தால் முதுகு நேராகும் என்பது தமிழ் வீடுகளில் ஊறிய நம்பிக்கை. 2003இல் ஸ்பெயினில் நாள்பட்ட முதுகுவலியுள்ள 313 பேரிடம் சோதித்தபோது, கடினமான மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையே வலியைக் குறைத்தது. தரையில் பாய் விரிப்பவர் அதன்மேல் இரண்டு கனத்த ஜமுக்காளமாவது போட்டுக்கொள்வது நல்லது.

இப்படிப் பிடித்துக்கொண்ட வலி பெரும்பாலானவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் வெகுவாகத் தணிந்துவிடும். ஆனால் பத்தில் ஏழு பேருக்கு ஓராண்டுக்குள் மறுபடி வரும். எனவே நிவாரணம் என்பது வந்த வலியை விரட்டுவது மட்டுமில்லை, அடுத்த முறையைத் தள்ளிப்போடுவதும்தான்.

எம்.ஆர்.ஐ. காட்டுவது

தங்கவயலிலிருந்து முதுகுவலிக்காக பெங்களூருவுக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ போகும் பலருக்கு முதல் கவலை ஸ்கேன் எடுப்பது. கடன் வாங்கியாவது எடுத்துவிடுகிறார்கள். 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேரின் படத்தில் குறைந்தது ஒரு வட்டாவது புடைத்திருந்தது. பிற்பாடு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலியில்லாத 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் வட்டுத் தேய்மானம் தென்பட்டது. வலி இல்லாதவரிடமும் இவ்வளவு தெரிகிறது என்றால், வலி உள்ளவரின் படத்தில் தெரியும் தேய்மானமே வலிக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தலை நரைப்பதுபோல வயதோடு வருவது அது.

அறிக்கையில் உள்ள சொற்கள் தரும் பயம் தனியாக ஒரு நோய். 'டிஸ்க் விலகிவிட்டது', 'எலும்பு தேய்ந்துவிட்டது' என்று கேட்டவர் குனிவதை விடுகிறார், குழந்தையைத் தூக்குவதை விடுகிறார், வேலையை விடுகிறார். அசையாத தசை மெலிகிறது, மெலிந்த தசை சீக்கிரம் சோர்ந்து வலிக்கிறது. வட்டு இடம் மாறிப் போவதில்லை. புடைத்த பகுதிகூட மாதங்களில் தானாகச் சுருங்குவது அடிக்கடி நடப்பதே. இதை நோயாளிக்குப் பொறுமையாக விளக்குவது ஸ்கேனைவிட மதிப்புள்ள சிகிச்சை.

இதே வகை பயம் பிரசவ அறையிலும் பிறக்கிறது. பிள்ளை பெற்ற பிறகு வரும் முதுகுவலிக்கு முதுகில் போட்ட ஊசியே காரணம் என்று பல பெண்கள் நம்புகிறார்கள். முதுகு வழியாக வலிமரப்பு மருந்து பெற்ற பெண்களையும் பெறாதவர்களையும் பிரசவத்துக்குப் பின் நீண்ட காலம் தொடர்ந்து ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வில் முதுகுவலியில் வேறுபாடு தெரியவில்லை. கர்ப்பத்தில் தளர்ந்த வயிற்றுத் தசை, பாலூட்டக் குனிந்தே இருப்பது, தூக்கமின்மை ஆகியவை பொருத்தமான காரணங்கள். அவற்றைச் சரிசெய்யவும் முடியும்.

எண்ணெய், மாத்திரை, பெல்ட்

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களின் நாள்பட்ட முதுகுவலிக்கு, அறுவை சிகிச்சை அல்லாத சிகிச்சைகளுக்கான தன் முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. வலியைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, மனநலப் பயிற்சி, மசாஜ், பயிற்சி பெற்றவர் கையால் முதுகெலும்பை அசைத்துத் தரும் சிகிச்சை, அக்குபங்சர், அழற்சி குறைக்கும் வலிமாத்திரைகள் ஆகியவற்றுக்கு அது இடம் தந்தது. மிளகாய்ச் சாற்று மருந்தைத் தோலில் பூசுவதையும் ஏற்றது. எண்ணெய் தேய்த்துவிடுவதும் வெந்நீர் ஒத்தடமும் நொச்சி இலை ஒத்தடமும் இந்த வரிசைக்குப் பக்கத்தில் நிற்பவை. வெப்பம் தசை இறுக்கத்தைத் தளர்த்துகிறது, தொடுகை பயத்தைக் குறைக்கிறது. அரை மணி நேர இதத்தில் எழுந்து நடக்க முடிந்தால் அந்த ஒத்தடம் தன் வேலையைச் செய்துவிட்டது. நடக்காமல் மறுபடி படுத்துக்கொண்டால் பலன் அத்தோடு போய்விடும்.

வேண்டாம் என்று சொல்லப்பட்டவற்றின் பட்டியல் இந்தியச் சிகிச்சை மையங்களுக்குக் கசப்பானது. இடுப்புப் பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, தோல்வழி மின்தூண்டல், தசைத் தளர்த்திகள், நரம்பு மாத்திரை என்று தரப்படும் வலிப்பு நோய் மருந்துகள், ஸ்டீராய்டு, ஓபியாய்டு எல்லாம் அதில் உண்டு. பல பிசியோதெரபி மையங்களில் நோயாளிக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்தக் கருவிகள்தான். பயிற்சி சொல்லித்தர ஆளும் நேரமும் இல்லை. பாராசிட்டமாலும் புதிதாக வந்த முதுகுவலியில் வெற்று மாத்திரையைவிடச் சிறந்ததில்லை என்று 2014இல் ஆஸ்திரேலியாவில் 1,600க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. டைக்ளோஃபெனாக் போன்றவை வலியைக் கொஞ்சம் குறைக்கும். மருந்துக்கடையில் தானே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பைப் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரும். வயதானவர், இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. பெயர் தெரியாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் ஆபத்தும் உண்டு. இரண்டு நாளில் அற்புதமாக வலி நின்றால் சந்தேகப்பட வேண்டும்.

எலும்பு முறிவுக்குச் சித்தூர்ப் பக்கத்துப் புத்தூர் கட்டைத் தேடிப்போகும் பழக்கம் இந்த வட்டாரத்தில் பழையது. முதுகெலும்பை அந்த வகையில் யாரிடமும் திருகவோ மிதிக்கவோ கொடுக்கக் கூடாது. எலும்பு வலுவிழந்த முதியவருக்கும் காசநோய் உள்ளவருக்கும் ஒரு மிதியே முறிவாக முடியலாம்.

நடையும் பயிற்சியும்

2024இல் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகக் குழு, முதுகுவலியிலிருந்து சமீபத்தில் தேறிய 701 பேரிடம் நடைப்பயிற்சியைச் சோதித்தது. மெல்லத் தொடங்கி, ஆறு மாதத்துக்குள் வாரம் ஐந்து நாள், நாளொன்றுக்கு அரை மணி நேரம் என்ற அளவை எட்டச் செய்தார்கள். நடந்தவர்களுக்கு அடுத்த வலி வர நடுமதிப்பாக 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112 நாள். காசு, கருவி, டாக்டர் சீட்டு எதுவும் கேட்காத ஒரு சிகிச்சைக்கு இது பெரிய வெற்றி. ரயில் பயணிகளுக்கு அரை மணி நேரம் தனியாகக் கிடைக்காது என்றால் நிலையத்துக்குப் போகும் வழியையும் வேலையிடத்துக்குப் போகும் வழியையும் நடையாக்கிக்கொள்ளலாம்; பத்துப் பத்து நிமிடமாகச் சேர்ந்தாலும் நடை நடைதான்.

இதோடு தசைக்கு உறுதி தரும் மூன்று அசைவுகள் போதும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, பாதத்தை ஊன்றி இடுப்பை மேலே தூக்கிச் சில நொடி நிறுத்துவது ஒன்று. கையையும் முழங்காலையும் ஊன்றி, முதுகை மேலே வளைத்தும் கீழே தளர்த்தியும் மெல்ல அசைப்பது இன்னொன்று. அதே நிலையில் வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னும் நீட்டி, பிறகு மாற்றிச் செய்வது மூன்றாவது. தலா ஐந்தாறு முறையில் தொடங்கி வாரந்தோறும் கூட்டலாம். செய்யும்போது சற்று வலித்தாலும் மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம்; வலி கூடிக்கொண்டே போனாலோ காலுக்கு இறங்கினாலோ அளவைக் குறைக்க வேண்டும்.

யோகாவைப் பொறுத்தவரை கோலார் மாவட்டத்துக்கே ஒரு பங்கு உண்டு. பி.கே.எஸ். அய்யங்கார் 1918இல் பிறந்தது இந்த மாவட்டத்தின் பெள்ளூரில். சிறுவயதில் நோயால் நலிந்த அவர், ஆசனங்களை நாற்காலி, கயிறு, பட்டை, கட்டை ஆகியவற்றின் துணையோடு நோயாளிக்கும் எட்டும்படி வகுத்தார். பிரிட்டனில் 313 பேரிடம் அவருடைய வழியில் வந்த ஆசிரியை வகுத்த 12 வார வகுப்பு சோதிக்கப்பட்டு 2011இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட யோகா கற்றவர்களால் அன்றாட வேலைகளை நன்றாகச் செய்ய முடிந்தது. வலியின் அளவைவிட வேலைசெய்யும் திறனே அதிகம் மேம்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. நாள்பட்ட முதுகுவலியில் எதிர்பார்க்க வேண்டிய நிவாரணமும் பெரும்பாலும் அத்தகையதே.

தாமதிக்கக் கூடாதவை

முதுகுவலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது தெரியாமல் கசிவது, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது ஆகியவை அவசரநிலை. முதுகெலும்பின் அடிப்பகுதி நரம்புக்கற்றை நசுங்குவதன் அடையாளங்கள் இவை. அன்றே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். புற்றுநோய் வந்து போனவருக்குப் புதிதாக வரும் வலி, உயரத்திலிருந்து விழுந்தபின் வரும் வலி, வயதான பெண்மணிக்கு லேசான சறுக்கலுக்குப் பின் வரும் கடும் வலி ஆகியவற்றையும் எண்ணெய் தடவிக் காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும்.

தங்கவயலுக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. சிலிக்கா தூள் படிந்த நுரையீரல் காசநோய்க்கு எளிதில் இடம்கொடுக்கும். அந்தக் காசநோய் இரத்தத்தின் வழியே முதுகெலும்பில் தங்கலாம். சுரங்கத்தில் வேலைசெய்த முதியவருக்கு வாரக்கணக்கில் தீராத முதுகுவலி, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு இருந்தால் அதை வயதின் வலி என்று ஒதுக்கக் கூடாது. காலத்தோடு கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும். தாமதித்தால் கூனும் கால் செயலிழப்பும் வரும்.

பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே மின்னலாய் இறங்கும் நரம்பு வலிக்கு அறுவை சிகிச்சை சிலருக்குத் தேவைப்படும். 2007இல் நெதர்லாந்தில் 283 பேரிடம் நடந்த ஆய்வில், சீக்கிரமே அறுவை செய்துகொண்டவர்களுக்கு, பொறுத்துப் பார்த்த பிரிவினரைவிட வலி வேகமாகக் குறைந்தது. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்த பிரிவில் பத்தில் நான்கு பேர் இடையில் அறுவைக்கு வர வேண்டியிருந்தது. பாதம் தூக்க முடியாத அளவுக்குப் பலவீனம் இல்லாவிட்டால், ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுத்துப் பார்ப்பதில் இழப்பில்லை.

வேலையைத் திருத்துவது

அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் 1991ஆம் ஆண்டுக் கணக்குப்படி, எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போது ஒருவர் தூக்கத்தக்க உச்ச எடை 23 கிலோ. குனிந்தோ திரும்பியோ தூக்கினால் அது இன்னும் குறையும். இந்தியாவில் ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. பல ஐரோப்பிய நாடுகளில் அது 25 கிலோவாகக் குறைக்கப்பட்டுவிட்டது. தங்கவயலிலிருந்து பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போகும் ஒருவரின் முதுகுக்கு எந்த மருத்துவர் எழுதும் சீட்டையும்விட அந்த ஒரு மாற்றம் அதிகம் செய்யும். மூட்டையைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயரத்தில் அடுக்குவதும், இருவராகத் தூக்குவதும், உடம்போடு ஒட்டித் தூக்குவதும் நாளையே செய்யக்கூடியவை.

நின்றே வேலை பார்ப்பவர்களுக்குத் தேவை ஓர் இருக்கை. 2018இல் கேரளமும், 2021இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கின. காவலாளிகளும் கடை ஊழியர்களுமாக வேலை பார்க்கும் தங்கவயல்காரர்களுக்கு அத்தகைய ஏற்பாடு முதுகு, கால் இரண்டையும் காக்கும்.

விமானம் தயாரிக்கும் போயிங் நிறுவனத்தின் 3,000க்கு மேற்பட்ட தொழிலாளர்களை ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட முடிவின்படி, முதுகுவலி என்று முறையிட்டவர்களை முன்கூட்டியே அடையாளம் காட்டியவற்றில் வேலையில் மனநிறைவின்மையும் ஒன்று. வலியைத் தாங்கும் வலு, வேலையில் கிடைக்கும் மரியாதையோடும் சேர்ந்தது. வலியோடு வரும் ஊழியருக்கு விடுப்பா ராஜினாமாவா என்ற இரண்டே வழிகளைக் காட்டாமல், சில வாரம் லேசான பணி தருவது அவரையும் வேலையையும் காப்பாற்றும்.

ஜெர்மனி, ஆண்டுக்கணக்கில் பளு தூக்கியதாலும் குனிந்து உழைத்ததாலும் வரும் இடுப்பு வட்டு நோயை 1993 முதல் தொழில்நோயாக ஏற்று இழப்பீடு வழங்குகிறது. இந்தியாவில் சட்டப்படி அறிவிக்கப்பட்ட தொழில்நோய்களில் சிலிக்கோசிஸ் உண்டு, இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை உண்டு. பளு தூக்கித் தேய்ந்த முதுகு இன்னும் அதில் சேர்க்கப்படவில்லை.